ஏற்காடு ஏற்றத்துக்காகப் பின் அச்சின் கிரவுன் பினியனை மாற்றலாமா?

அம்மாபேட்டை வாசகர் கேட்டது, 8 செப்டம்பர் 2024

என்னிடம் 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் என்ஜின் உள்ள கான்டெஸா கார் இருக்கிறது. கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் வேகத்துக்கு ஏற்றபடி மாற்றியாகிவிட்டது. சமவெளியில் பறக்கிறது. ஏற்காடு ஏறும்போது மட்டும் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இரண்டாவது கியரில் முனகுகிறது. முதல் கியருக்கு இறங்கினால் அலறுகிறது. பின் அச்சில் 4.55 கிரவுன் பினியன் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். போடலாமா?

8 செப்டம்பர், இரவு

வேகம் கூடாது, குறையும். கூடுவது இழுவை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசிப் பேசியே எத்தனையோ நல்ல கார்களைக் கெடுத்துவிட்டார்கள்.

என்னிடம் இருப்பதும் அதே என்ஜின், 1,817 சிசி. ஆனால் பின் அச்சு கம்பெனி அச்சு அன்று, முந்தைய உரிமையாளர் வேறொன்றைப் பொருத்தியிருந்தார். வாங்கும்போது விகிதம் 3.9. பினியன் என்பது கியர்பெட்டியிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள சின்னப் பல் சக்கரம், கிரவுன் அது சுற்றும் பெரிய பல் சக்கரம். கிரவுனில் 39 பல், பினியனில் 10 பல். 2022இல் அதை எடுத்துவிட்டு 41க்கு 9 போட்டேன். நீங்கள் 4.55 என்று சொல்வது இதைத்தான். ஒன்றரை ஆண்டு ஓட்டினேன். கணக்கு இது:

டயர் 185/70 ஆர்14. பாரத்தோடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.88 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 886 முறை சுற்றும். என் கியர்பெட்டியில் ஐந்தாவது கியர் 0.86. பழைய 3.9இல் என்ஜின் 2,970 சுழற்சியில் ஓடியது. 4.556இல் 3,470. அந்த 500 சுழற்சி தாளில் சின்ன எண்ணாகத்தான் தெரியும். தொப்பூர் தாண்டி கிருஷ்ணகிரி வரை வழி முழுக்க அது காதுக்குள் இருக்கும்போதுதான் அதன் பருமன் புரியும்.

மலையில் இரண்டாவது கியர், 2.17. வளைவில் 18 கிலோமீட்டருக்கு இறங்கினால் 3.9இல் என்ஜின் 1,350க்கு விழுந்துவிடும். உங்கள் முனகல் அதுதான். 4.556இல் அதே இடத்தில் 1,580. முனகவில்லை, இழுத்தது. ஆனால் 5,500 சுழற்சியில் இரண்டாவது கியர் 63 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். முன்பு 73 வரை போகும். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் நீளமான துண்டு கிடைத்தால் மூன்றாவதுக்குப் போய் உடனே திரும்ப வேண்டியிருந்தது.

என் பரிந்துரை 4.3. அதாவது 43க்கு 10. நான் இப்போது அதற்குத்தான் மாறப்போகிறேன்.

9 செப்டம்பர்

நேற்று விட்டுப்போனது: காற்று. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1,500 மீட்டர். டர்போ இல்லாத என்ஜின் அந்த உயரத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் சக்தியை இழக்கும். 3.9இலிருந்து 4.3க்குப் போனால் சக்கரத்தில் திருகுவிசை 10 சதவீதம் கூடும். மலை எடுத்துக்கொள்வதைக் கிரவுன் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 4.3 எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

14 செப்டம்பர்

நாமக்கல்லிலிருந்து ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. கிரவுன் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. சக்தி என்ஜினில் பிறக்கிறது, பல் சக்கரத்தில் அன்று. போன 12 சதவீதம் போனதுதான். 4.3 செய்வதெல்லாம், அதே சாலை வேகத்தில் என்ஜினைக் கொஞ்சம் மேலான சுழற்சியில் நிறுத்துவது. அங்கே அதற்கு மூச்சு இருக்கிறது. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கும் கியர்பெட்டியில் இந்த உதவி நன்றாகத் தெரியும். கியர்கள் நெருக்கமாக இருக்கும் பெட்டியில் இதே மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

9ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை. இந்தத் திருத்தத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

22 செப்டம்பர்

4.556 போட்ட கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். விகிதத்தைவிட முக்கியமான ஒன்றை அதில்தான் கற்றுக்கொண்டேன்.

சேலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். கிரவுனைப் பூட்டி, கையால் சுற்றிப் பார்த்து, "லூஸ் இல்லை, டைட் இல்லை" என்று சொல்லி மூன்று மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். பல் இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் வெளியே வரவே இல்லை. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரை சத்தமில்லை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தேன், சத்தமில்லை. ஏரிக்கரையில் நிறுத்திக் காபி குடிக்கும்போது மனம் குளிர்ந்திருந்தது.

இறங்கும்போது தொடங்கியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஊளை. காலை வைத்தால் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி ஊளை. அடிவாரம் வரை 20 கிலோமீட்டருக்கு மேல் அதோடுதான் வந்தேன்.

திரும்பவும் பட்டறைக்குப் போனேன். "புது செட் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள். ஓட ஓடச் சரியாகவில்லை. ஆகவும் ஆகாது. தப்பான தடத்தில் தேய்ந்த பல், தப்பாகத்தான் தேய்ந்துகொண்டே போகும்.

கடைசியில் சங்ககிரியில் லாரி அச்சு வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். காரை மேலே தூக்குவதற்கு முன்பே கேட்டார்: "இறங்கும்போது கத்துகிறதா, ஏறும்போதா?" இறங்கும்போது என்றேன். "அப்படியானால் மறு கன்னத்தை யாரும் பார்க்கவில்லை, தம்பி" என்றார்.

பல்லுக்கு இரண்டு கன்னம். என்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது கிரவுன் பல்லின் குவிந்த பக்கத்தில் பாரம் விழும். இறக்கத்தில் சக்கரம் என்ஜினைத் தள்ளும்போது குழிந்த பக்கத்தில் விழும். சமவெளிக் காரில் இந்த மறு கன்னம் அவ்வப்போது ஒரு நொடி வேலை செய்யும். ஏற்காட்டுக்குப் போய்வரும் காரில் முக்கால் மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பூட்டிய கிரவுன் நம் ஊருக்கு ஆகாது. சேலத்தில் இந்த வேலையைக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

25 செப்டம்பர்

கேட்டவருக்கு: ஆம், கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்துப் பொருத்திய பிறகுதான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். பழைய உதிரிபாகக் கடையில் எண் ஒத்துப்போகாத ஜோடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

6 அக்டோபர்

அம்மாபேட்டைக்காரர் தன் காரின் விகிதத்தைத் தானே எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றினாராம். புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியதாம். "என் விகிதம் 2ஆ?" என்று கேட்கிறார்.

இல்லை. ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றதை மட்டும் சுற்றினால், இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் பாதியைத்தான் ஷாஃப்டுக்கு அனுப்பும். ஆகவே இரண்டு சுற்றுக்கு எண்ண வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் 39 சுற்றினால் விகிதம் 3.9. 43 என்றால் 4.3. 41 என்றால் 4.1.

7 அக்டோபர்

20க்கு 39 என்று எண்ணிச் சொல்லிவிட்டார். 3.9தான். அப்படியானால் என் கார் நான் வாங்கியபோது நடந்தது போலவே அவர் கார் நடக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லும் முனகல் என் காரில் இருந்ததைவிடக் கடுமையாக இருக்கிறது. கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

20 அக்டோபர்

4.3 செட் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. நேற்று முழுவதும் சங்ககிரியில் இருந்தேன். ஒரு நாள் முழுக்க வேறு எதையும் யோசிக்காமல் ஒரே பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பெரியவர் அச்சின் வயிற்றைத் திறந்து எண்ணெயை வடித்தார். பழைய கிரவுனைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்து, குழிந்த பக்கத்தில் விரலை ஓட்டச் சொன்னார். பல்லின் உள்முனைப் பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடி போல் வழவழப்பு. அதைத் தாண்டியதும் சொரசொரப்பு. இறங்கும்போது விழும் மொத்தப் பாரத்தையும் அந்த நக அளவு இடம்தான் ஒன்றரை ஆண்டாகத் தாங்கியிருக்கிறது.

புது பினியனுக்குப் பின்னால் முதலில் பழைய ஷிம்மையே, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டையே, வைத்துப் பூட்டினார். கிரவுனின் விளிம்பில் டயல் கேஜை வைத்து, பினியன் அசையாமல் பிடித்துக்கொள்ள, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினார். முள் 0.30 மில்லிமீட்டர் காட்டியது. பக்கவாட்டு நட்டுகளை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி 0.15க்குக் கொண்டுவந்தார். ஓரிடத்தில் மட்டும் பார்த்து விடவில்லை. கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களில் பார்த்தார்.

பிறகு நீல மையை ஆறு பற்களில் மெல்லியதாகத் தடவி, கிரவுனில் ஒரு மரக்கட்டையை அழுத்திப் பாரம் கொடுத்தபடி பினியனைச் சுற்றினார். இரண்டு திசையிலும். குவிந்த கன்னத்தில் தடம் நடுவில் அழகாக விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. விளக்கைத் திருப்பி மறு கன்னத்தைக் காட்டினார். அங்கே தடம் பல்லின் உச்சியில், உள்முனையை ஒட்டி ஒதுங்கியிருந்தது. பினியன் கிரவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். பினியனில் அழுத்திப் பொருத்திய பேரிங்கை இழுத்து எடுத்து, 0.05 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைக் கூட்டி, மறுபடி பூட்டி, டயல் கேஜ், மறுபடி மை. அந்த ஷிம்மைக் கையில் வைத்துப் பார்த்தேன். தாளைவிட மெல்லியது. அதற்காக இரண்டு மணி நேரம். இப்போது குவிந்த பக்கத்தில் தடம் மயிரிழை அளவு உள்ளே இறங்கியது, ஆனாலும் நல்ல இடத்திலேயே இருந்தது. குழிந்த பக்கத்தில் உச்சியிலிருந்து இறங்கி நடுவுக்கு வந்துவிட்டது. இரண்டையும் பார்த்த பிறகுதான் அவர் டீ சொன்னார்.

கிரவுன் பினியன் நீங்கலாக, பேரிங், சீல், ஷிம், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. அதில் ஒரு ரூபாய்கூட எனக்கு உறுத்தவில்லை.

21 அக்டோபர்

எண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு: பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே நிற்கும் ஹைப்பாய்டு வகை இது. பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அதனால் ஜி.எல். 5 தர எண்ணெய்தான் வேண்டும். நான் ஊற்றியது 80டபிள்யூ-90. அதையே கியர்பெட்டியிலும் ஊற்றிவிடாதீர்கள். ஜி.எல். 5இல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

3 நவம்பர்

மாருதி ஜிப்ஸி ஜீப் வைத்திருக்கும் ஒருவர் பின் அச்சை மட்டும் மாற்றலாமா என்கிறார். நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டுவதாக இருந்தால் கூடவே கூடாது. முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு விகிதத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் முதலில் டயர் கீச்சிடும், பிறகு எங்கோ ஒரு பல் உடையும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் பற்றியும் சொல்ல மறந்துவிட்டேன். கேபிள் கியர்பெட்டியிலிருந்து வருவதால், பின்னால் என்ன மாற்றினோம் என்பது அதற்குத் தெரியாது. 3.9க்கு அமைந்த மீட்டர், 4.3இல் உண்மையான 100க்கு 110 காட்டும். ஓடிய தூரமும் பத்துக்கு ஒன்று கூடுதலாக ஏறும். கேபிளைச் சுற்றும் சின்னப் பல் சக்கரத்தையும் மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

8 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. மலைமேல் சோதனை இப்போதைக்கு இல்லை. அங்கே எஸ்டேட்டுகளில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு நாளும் பட்ட பாட்டுக்கு முன்னால் என் சோதனை ஒரு பொருட்டே அன்று.

சமவெளியில் நிதானமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புது கிரவுனை முதலில் 20 நிமிடம் ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். முதல் 800 கிலோமீட்டருக்கு முழு ஆக்ஸிலேட்டர் கிடையாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் 3,280 சுழற்சி. 4.556ஐவிடக் காதுக்கு எவ்வளவோ நிம்மதி.

22 டிசம்பர்

சாலை திறந்தாயிற்று. இன்று விடியற்காலை 5 மணிக்கு அடிவாரத்திலிருந்து ஏறினேன். மிதமாகத்தான்.

ஏற்றம்: வளைவில் 18 கிலோமீட்டரில் என்ஜின் 1,490. 4.556இல் இருந்ததைவிட 90தான் குறைவு. கால் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது கியர் 66 வரை போகிறது. முன்பு மூன்றாவதுக்குப் போய்த் திரும்பிய இடங்களில் இப்போது இரண்டாவதிலேயே அடுத்த வளைவைப் பிடிக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது இறக்கத்துக்காக. காலை எடுத்தேன். சத்தமில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாறைச் சுவரை ஒட்டிப் போனேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் தெரிந்துவிடும். குருவிச் சத்தமும் டயர் சத்தமும்தான் வந்தன. இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டருக்கு என்ஜின் 2,480இல் நின்று காரைப் பிடித்துக்கொண்டது. 3.9 இருந்த நாட்களில் இதே இடத்தில் 2,250தான் இருக்கும், வண்டி நழுவும், பிரேக் மிதிக்க வேண்டும். அடிவாரத்தில் இறங்கிப் பின் சக்கரத்துக்கு அருகே கையை வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் பிரேக் கருகிய வாடை வரும். இன்று இல்லை.

செப்டம்பரில் முழுக்க ஏற்றத்தைப் பற்றியே எழுதியிருக்கிறேன். இன்று கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். ஏறும்போது முனகினால் முதல் கியருக்கு இறங்கிக்கொள்ளலாம், யாருக்கும் ஆபத்தில்லை. இறங்கும்போது பிரேக் சூடாகி மிதி ஆழத்துக்குப் போனால் போக்கிடம் இல்லை. ஏற்காட்டுக் காருக்கு விகிதத்தை மாற்றுவதாக இருந்தால் இறக்கத்துக்காக மாற்றுங்கள். ஏற்றத்தில் கிடைப்பது கூடுதல் லாபம். தொப்பூரில் நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று லாரிகளுக்கு ஓயாமல் சொல்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான்.

12 ஜனவரி 2025

அம்மாபேட்டைக்காரர் இன்று காரோடு வீட்டுக்கு வந்தார். கார்புரேட்டரில் குறை எதுவும் இல்லை. நான் காரைச் சுற்றி நடந்தேன். பின் சக்கரம் மட்கார்டு வளைவை நிறைத்துக்கொண்டு நின்றது. குனிந்து டயரின் பக்கத்தைப் படித்தேன்: 205/70 ஆர்15.

என் டயரின் விட்டம் 615 மில்லிமீட்டர். அவருடையது 668. கிட்டத்தட்ட 9 சதவீதம் பெரிது. அதாவது 3.9 கிரவுனை வைத்துக்கொண்டு, சாலைக்கு அவர் 3.6 விகிதத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அழகுக்காக வாங்கிய அலாய் சக்கரம்தான் இரண்டாவது கியரை முனகவைத்திருக்கிறது. நான்கு மாதமாக நாங்கள் அச்சைத் திறப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கணக்கை என் டயரில் தொடங்கிய நான் அவர் டயரைக் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதனால் என்ன அண்ணா, 20 சுற்று எண்ணக் கற்றுக்கொண்டேனே" என்றார்.

பழைய 14 அங்குலச் சக்கரங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றனவாம். பொங்கல் முடிந்ததும் மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அச்சில் கை வைக்க வேண்டாம்.

2 பிப்ரவரி

மாட்டிவிட்டார். 185/70. ஏறிவிட்டு 20ஆம் வளைவிலிருந்து அழைத்தார். முனகல் பெரும்பாலும் போய்விட்டது, ஒரு கூர்மையான வளைவில் மட்டும் முதல் கியர் தேவைப்பட்டது என்றார். இறக்கத்தில் பிரேக் வாடை கொஞ்சம் இருக்கிறதாம். அது 3.9இன் குணம். 4.3 வேண்டுமா என்பதை இப்போது அவர் தன் சொந்த அனுபவத்திலிருந்தே முடிவு செய்யலாம். வேண்டுமென்றால் சங்ககிரிக்கு நானே கூட்டிப்போகிறேன்.

9 பிப்ரவரி

800 கிலோமீட்டர் முடிந்தது. எண்ணெயை வடித்தேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு மட்டும், விபூதியைத் தண்ணீரில் குழைத்தது போல. விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன், துகள் எதுவும் தட்டுப்படவில்லை. துடைத்து, புது எண்ணெய் ஊற்றி மூடிவிட்டேன்.